பிரஷர் மாத்திரைக்கு இன்னும் எத்தனை நாள்?

பேட்டண்ட் முடிவது என்றால் என்னவென்று நான் முதலில் நம்பியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய தொழிற்சாலை. வாசலில் ஒரு கூர்க்கா. கேட்டில் பூட்டு. பதினாறு வருஷம் முடிந்த அன்று காலை பத்து மணிக்குக் கூர்க்கா பூட்டைத் திறக்கிறார். வெளியே வரிசையில் காத்திருந்த நாட்டின் அத்தனை மருந்துக் கம்பெனிகளும் உள்ளே பாய்ந்து, எங்கள் மாத்திரையைப் பார்த்து எழுதிக்கொண்டு ஓடுகின்றன. பதினொரு மணிக்கு அதே மாத்திரை பாதி விலையில் கடைக்கு வந்துவிடுகிறது. பன்னிரண்டு மணிக்கு எனக்கு வேலை போகிறது. மத்தியானச் சாப்பாடு சந்தேகம்.

இதை நான் பத்து வயதில் நம்பவில்லை. முப்பத்துநாலு வயதில், திருச்சி வெயிலில் டை கட்டிக்கொண்டு, ஒரு வெளிநாட்டு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதியாக ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்தபோது நம்பினேன். நம்பவைத்தவர் கெஜட்டு.

இந்திய அரசாங்கத்தின் கெஜட்டை இன்பத்துக்காகப் படித்த மனிதர் இமயமலையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவர் ஸ்ரீரங்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை நான் லைசென்ஸில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஊருக்கு அவர் கெஜட்டு. இளமையில் மதராஸில் ஏதோ சர்க்கார் ஆபீசில் கெஜட் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தாராம். மற்றவர்கள் அடுக்கினார்கள், இவர் படித்துவிட்டார். அப்புறம் விடமுடியவில்லை.

வாரம் ஒருமுறை ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரியைத் தாண்டி, திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போவார். அங்கே நூலகத்தைக் கவனித்துக்கொண்ட பாதிரியார் இவருக்காக கெஜட் கட்டை எடுத்துத் தனியாக வைத்திருப்பார். அதில் பேட்டண்ட் ஆபீசின் அறிவிப்புகள் வரும் பகுதிதான் இவருக்கு வேண்டியது. எந்த மருந்துக்கு யார், எந்தத் தேதியில் உரிமை வாங்கினார்கள், யார் கட்டணம் கட்டத் தவறிவிட்டார்கள் என்பதெல்லாம் எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கும். நெற்றியில் திருமண்ணும் கையில் பூதக்கண்ணாடியுமாக இவர் குனிந்திருக்க, பாதிரியார் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டுவார் என்று கேள்வி. அந்தப் பக்கங்களைத் தொட்டவர்கள் அந்த ஊரில் அவர்கள் இரண்டு பேர்தான். அதிலும் ஒருவர் தூசி தட்டுவதற்காகத் தொட்டவர்.

நான் முதல் தடவை கடைக்குப் போனபோது வாசலில் ஒரு கரும்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மேலே அன்றைய திதி, நட்சத்திரம், ராகு காலம். ஸ்ரீரங்கத்தில் இதற்கு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கீழே ஒரு கோடு போட்டு எழுதியிருந்ததுதான் என்னை நிறுத்தியது.

'பிரஷர் மாத்திரை - இன்னும் 611 நாள்.'

"சார், இது என்னங்க?" என்றேன்.

கெஜட்டு கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி என் டையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாங்கோ ஏகபோகம்! உம்மைத்தான் தேடிண்டிருந்தேன்."

"என் பேரு..."

"உம்ம பேர் என்னவா வேணா இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு அந்த மஞ்சள் மாத்திரையைப் பண்ண இந்தப் பாரத தேசத்துல உம்ம கம்பெனிக்கு மட்டும்தானே பாத்தியதை? புதுச் சட்டத்துல மருந்துக்கு ஏழு வருஷத்துக்கு மேல கிடையாது. நீங்க பழைய சட்டத்துல வாங்கிண்டுட்டேள், பதினாறு வருஷம். அதுல பதினாலு போயாச்சு. மிச்சம் பலகையில இருக்கு."

"முடிஞ்சா என்ன சார் ஆகும்?"

"யார் வேணும்னாலும் பண்ணலாம். விலை விழும். நீங்களும் விழுவேள்" என்று மிகுந்த பிரியத்துடன் சொல்லிவிட்டு, "மோர் சாப்பிடறேளா?" என்றார்.

அன்று முதல் எனக்கு மோர் இறங்கவில்லை. எங்கள் கம்பெனியில் எத்தனையோ சரக்கு இருந்தாலும், என் வயிற்றைக் கழுவியது அந்த மஞ்சள் மாத்திரைதான். அது போனால் நானும் போனேன். ஆர்டர் எடுக்க மாதம் இரண்டு தடவை போகவேண்டிய கடைக்கு, பலகையைப் பார்ப்பதற்காகவே வாரம் இரண்டு தடவை போக ஆரம்பித்தேன். ஏதோ நான் போய்ப் பார்க்காவிட்டால் எண் குறையாது என்பதுபோல. ஒருநாள் ராத்திரி தூக்கத்தில் "நானூத்தி எண்பத்திரெண்டு" என்று கத்தினேனாம். என் மனைவி மறுநாள் காலையில் கேட்டாள்.

"யாருங்க அது, நானூத்தி எண்பத்திரெண்டு? லாட்டரிச் சீட்டா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"வேலை போறது அப்புறம். அதுக்கு முன்னாடி புத்தி போயிரும்போல இருக்கே உங்களுக்கு" என்றாள்.

நான் மாற்று ஏற்பாடுகளில் இறங்கினேன். எடமலைப்பட்டி புதூரில் ஊதுவத்தி உருட்டும் ஒருவரிடம் தொழில் கற்கப் போய், மூன்றாம் நாள் தும்மல் தாங்காமல் ஓடிவந்தேன். காட்டூரில் கோழிப்பண்ணை வைக்கலாமா என்று யோசித்தேன். பண்ணையைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு கோழி என்னைத் துரத்தியதோடு அந்த யோசனை முடிந்தது. டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். பாவாடை தாவணிப் பெண்களுக்கு நடுவில், டையோடு உட்கார்ந்து 'ஏ எஸ் டி எஃப்' தட்டினேன்.

ஊரில் வேறுவிதமான குழப்பம். பலகையில் மேலே ஏகாதசியும் கீழே மாத்திரையும் இருந்தால் ஜனங்கள் என்னதான் செய்வார்கள்? நான் இருக்கும்போதே ஒரு பெரியவர் வந்து கேட்டார்.

"ஸ்வாமி, இருநூறு நாள்னு போட்டிருக்கேளே, அன்னிக்கு என்ன உற்சவம்?"

"விடுதலை உற்சவம்."

"எந்தப் பெருமாளுக்கு?"

"மாத்திரைக்கு ஓய்."

பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். இன்னொருவர், இத்தனை நாள் முன்னாலேயே அறிவிக்கிறார்கள் என்றால் நல்ல நாளாகத்தான் இருக்கும் என்று, தன் பெண்ணின் நிச்சயதார்த்தத்தை அன்றைக்கே வைத்துவிட்டார்.

கெஜட்டுக்கு இது ஒரு கிறுக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"என்ன சாமி, காசு முழுசா வாங்கிக்கிட்டு அரை மாத்திரையா கொடுத்திருக்கீங்க? இதோ பாருங்க, இது அரை, இதுவும் அரை."

கெஜட்டின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு முழு மாத்திரையை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பெரிய பாட்டிலை மேஜைமேல் கவிழ்த்தார். மஞ்சள் மாத்திரைகளுக்கு நடுவில் பதினெட்டு அரைகள். கடைக்குப் பின்கட்டுதான் வீடு. அங்கே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பங்கஜம்! இங்க வா!"

அவருடைய தங்கை வந்தார். கணவர் போனபின் அண்ணனோடு வந்து தங்கிவிட்டவர். அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளாதவர். உலகத்தில் அவர்களுக்கு இருந்தது அவர்கள் இருவரும் அந்தக் கடையும்தான்.

"காலம்பற ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு உன் கையில கொடுக்கறேன். நீ பாதியைக் கடிச்சுட்டுப் பாதியை பாட்டில்லயே போட்டுடறயா?"

"கடிக்கலை அண்ணா. பிளேடாலதான் நறுக்கறேன். எச்சில் இல்லை."

"எச்சிலைப் பத்தி எவன்டீ கேட்டான்? டாக்டர் ரெண்டு சொல்லியிருக்கார். உனக்கு பிரஷர் எவ்வளவு இருக்குன்னு தெரியுமோன்னோ?"

"அதோட விலை எவ்வளவுன்னும் தெரியும். இந்தக் கடை சம்பாதிக்கறதை நானே முழுங்கிட்டா நீங்க என்ன சாப்பிடுவேள்?" என்றார் மாமி. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். "நீங்கதான் பலகையில எழுதறேளே. அந்த நாள் வரட்டும். விலை இறங்கட்டும். அன்னிலேர்ந்து முழுசா முழுங்கறேன். இது பெருமாள் மேல சத்தியம்."

மாமி உள்ளே போனார். கெஜட்டு அரை மாத்திரைகளைப் பொறுக்கிக்கொண்டே என்னிடம், "கேட்டேளா ஏகபோகம்? சத்தியம் பண்ணிட்டாளாம்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் நாள் எண்ணியது என் வேலைக்கு அல்ல என்று.

புரிந்துகொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன், அந்த நாள் நெருங்குகிறது என்று.

மேனேஜர் மதராஸிலிருந்து வந்தார். புத்தூரில் ஒரு ஓட்டலில் என்னை உட்காரவைத்து, இரண்டு மசால் தோசை வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

"மிஸ்டர், எதிரி வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் மனசுல அவனைக் கொன்னுடணும். எப்படின்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க கெட்டிக்காரர்."

நான் கெட்டிக்காரன்தான். என் மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தேன். பிளேடால் வட்டமாகச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, நடுவில் ஒரு கோடு இழுத்தேன். அசல் மாத்திரை தோற்றது. டாக்டர்களிடம் போய் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டேன். ஒன்றில் எங்கள் மஞ்சள் மாத்திரை. நிமிஷத்தில் கரைந்தது. இன்னொன்றில் என் படைப்பு.

"இதுதான் டாக்டர், நாளைக்கு மார்க்கெட்டுக்கு வரப்போற லோக்கல் சரக்கு. நம்ம பேஷண்ட் வயித்துலயும் இப்படியேதான் கிடக்கும்."

அது கரையவில்லை. ஏன் கரையப்போகிறது? இன்னும் தயாரிக்கப்படாத, பெயர்கூட வைக்கப்படாத ஒரு மாத்திரையின் மானத்தை நான் திருச்சி முழுக்க வாங்கினேன். பிறப்பதற்கு முன்பே ஒன்றின் பெயரைக் கெடுத்தவர் வேறு யாராவது இருந்தால் அவரைச் சந்திக்க ஆசை. சேர்ந்து அழலாம்.

அந்த நாள் வந்தது. பலகையில் பெரிய சைபர். அதைச் சுற்றிப் பூக்கோலம். கெஜட்டு கடை வாசலில் சர்க்கரைப் பொங்கல் விநியோகித்தார். நிச்சயதார்த்த வீட்டார் தாம்பூலம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் காலை ஒன்பதரைக்கே போய் நின்றேன். பத்து அடித்தது. பதினொன்று. பன்னிரண்டு. என் கூர்க்காவைக் காணோம். மாத்திரையையும் காணோம். எனக்கு வேலையும் போகவில்லை. மாமி மட்டும் இரண்டு முறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"வந்துடுத்தா அண்ணா?"

"வரும்டீ. பாத்தியதை போனவுடனே மாத்திரை முளைச்சுடுமா? எவனாவது மிஷின் வாங்கணும், பண்ணணும், சர்க்கார்ல அனுமதி வாங்கணும். வரும்."

நாலு மாதம் கழித்து வந்தது. வடக்கே ஏதோ ஒரு இந்தியக் கம்பெனி. வெள்ளை மாத்திரை. எங்கள் விலையில் நாலில் ஒரு பங்கு. கெஜட்டு முதல் பாட்டிலைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் திறந்தாராம். அடுத்த வாரம் நான் போனபோது அவர் முகத்தில் களை இல்லை.

"சாப்பிட மாட்டேங்கறா, ஏகபோகம்."

"ஏன் சார்? விலை இறங்கினா முழுசா சாப்பிடறேன்னாங்களே?"

"இவ பார்க்கற புத்தூர் டாக்டர் அது வெறும் சாக்பீஸுன்னுட்டாராம். டம்ளர்ல போட்டுத் தன் கண்ணாலயே பார்த்தாராம், கரையவே இல்லையாம். டாக்டர் சொன்னா இவளுக்கு அது வேதம். பழையபடி உங்க மாத்திரையைத்தான் பாதி பாதியா முழுங்கறா."

என் பை திடீரென்று கனத்தது.

"ஒருநாள் ஏமாத்திப் பார்த்தேன்" என்று சிரிக்க முயன்றார். "வெள்ளை மாத்திரைல மஞ்சளைக் குழைச்சுத் தடவி, உங்க மாத்திரை மாதிரியே கொடுத்தேன். வாயில போட்டதும், 'ஏன் அண்ணா, மாத்திரையைத் தாளிச்சேளா?'ன்னுட்டா."

நான் சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏகபோகம், நீங்க அந்த டாக்டரை அடிக்கடி பார்க்கறவர். போட்டிக் கம்பெனிக்காரரே நல்ல மாத்திரைதான்னு சொன்னா அவர் நம்புவார். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கோ. எங்களுக்காக. உங்க உத்தியோகத்துக்கு ஆபத்துன்னா வேண்டாம்."

எறும்பு எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர், ஒரு முழம் தூரத்திலிருந்த என் முகத்தைப் படிக்கவில்லை.

"சொல்றேன் சார்" என்றேன்.

போனேன். முதல் நாள் கிளினிக்கில் கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் உள்ளேயே போய்விட்டேன். வாயையும் திறந்துவிட்டேன். அதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்.

"வாப்பா! உன் டம்ளர் வித்தையைத்தான் வர்ற பேஷண்டுக்கெல்லாம் சொல்றேன். அந்த வெள்ளை மாத்திரையை எவனும் வாங்கக்கூடாதுன்னுட்டேன். உன் மேனேஜர்கிட்டயும் உன்னைப் பத்திப் பெருமையா சொன்னேன். சரி, இன்னிக்கு என்ன கொண்டுவந்திருக்கே?"

மேனேஜர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கண்முன் ஊதுவத்தி, கோழி, டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"இரும்புச்சத்து டானிக் டாக்டர்" என்றேன். "ஆரஞ்சு ருசி."

பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்தேன். கெஜட்டு கடையை விட்டு இறங்கி எதிரே வந்தார்.

"சொன்னேளா?"

"சொல்லிட்டேன் சார். யோசிக்கிறேன்னு சொன்னாரு."

"யோசிக்கறாரா! போறும். பெரிய டாக்டர்னா யோசிச்சுதான் செய்வார். பங்கஜம், மோர் கொண்டா! ஏகபோகம் உனக்காக டாக்டர்கிட்டயே பேசிட்டு வந்திருக்கார்!"

மாமி மோர் கொண்டுவந்து கொடுத்தார். பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

மறுவாரம் பலகையில் ராகு காலத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'டாக்டர் யோசனை - 7ஆம் நாள்.' இந்த முறை எண் ஏறிக்கொண்டு போனது. பதினைந்து. இருபத்திரண்டு. தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் கம்பெனியிலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பேட்டண்ட் முடிந்த வருஷத்தில்தான் திருச்சியில் எங்கள் மஞ்சள் மாத்திரை என்றுமில்லாத அளவுக்கு விற்றதாம். என் மனைவி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். டைப்ரைட்டிங் வகுப்பை நிறுத்தினேன்.

முப்பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகு எண் மாறவில்லை. இரண்டு நாள் கடை பூட்டிக் கிடந்தது. பங்கஜம் மாமி காலையில் கோலம் போடும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அன்று சாயங்காலத்துக்குமேல் தாங்கவில்லை.

பதிமூன்றாம் நாள் போனேன். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன்; அதற்கும் தைரியம் வேண்டும். பின்கட்டில் உறவுக்காரர்கள் இலைக்கு உட்காரும் நேரம். கெஜட்டு என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையைப் பிடித்து அழைத்துப் போய், எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்.

"நான் சொன்னேனே, அவர் இவர்தான். தன் உத்தியோகம் போனாலும் போகட்டும்னு பங்கஜத்துக்காக டாக்டர்கிட்ட நேரா போய் வாதாடினவர். கூடப்பிறந்தவன் மாதிரி. இவரை முதல் பந்தியில உட்கார வையுங்கோ."

எல்லோரும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன். பக்கத்தில் அவரே நின்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவர் இருந்தார். எண்பத்தாறில் போனார். அந்த ஏழு வருஷமும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவருடைய குரலில் இருந்த பிரியத்தை அதற்கப்புறம் யாரிடமும் நான் கேட்டதில்லை.

அந்த ஒரு வார்த்தையை நான் அந்த டாக்டரிடம் சொல்லவே இல்லை.